ஆர்சி டிரக்கை பிரஷ்லெஸ் ஆக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஆர்சி வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: பிரஷ்டு மோட்டாரைக் கழட்டிட்டு பிரஷ்லெஸ் மாட்டிடலாமா? தாராளமா மாட்டலாம். மோட்டாரைப் பிடித்திருப்பது ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதான், ஒரு மதியத்துல முடிச்சிடலாம். ஆனா மாட்டின அடுத்த வாரமே மோட்டார் புகையுது, கியர் பல் உதிருது, பேட்டரி வீங்குதுன்னு புலம்பறவங்களும் நிறைய பேர். அவங்கள்ல பெரும்பாலானவங்க பெட்டி மேல இருந்த கேவி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினவங்க. மோட்டார் தனியா ஓடறதில்லை. பேட்டரியிலிருந்து டயர் வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கு, கூடுதல் பவர் அதுல எங்க பலவீனமோ அங்க போய் உடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டா அந்த இடம் தெரிஞ்சிடும்.

உதாரணத்துக்கு டிராக்ஸஸ் ஸ்லாஷ், டூ வீல் டிரைவ் மாடலை எடுத்துக்கலாம். 1/10 ஸ்கேல் ஷார்ட் கோர்ஸ் டிரக். சாதாரண மாடல்ல டைட்டன் 12டி என்ற 550 சைஸ் பிரஷ்டு மோட்டாரும், எக்ஸ்எல்-5 என்ற ஸ்பீடு கன்ட்ரோலரும், அதாவது இஎஸ்சியும் இருக்கும். அதே கம்பெனியே இதே வண்டியை 3500 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரோட விஎக்ஸ்எல் என்ற பேரிலும் விற்கிறாங்க. அதனால சேஸி தாங்குமான்னு பயப்பட வேண்டாம். உங்க வண்டி வேற கம்பெனியா இருந்தா எண்கள் மாறும், முறை மாறாது.

முதல்ல பிரஷ் எதுக்கு, அது இல்லாம எப்படி ஓடுது? வீட்டு மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தா "கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு"ன்னு ரெண்டு சின்ன கரித் துண்டை மாத்திக் கொடுப்பாங்க இல்லையா, அதேதான். சுத்துற பகுதியில காயில் இருக்கு. அதுக்குக் கரண்ட் கொடுக்கவும், சரியான நேரத்துல திசை மாத்தவும் கம்யூட்டேட்டர் மேல கரி உரசணும். உரசினா தேய்மானம், தீப்பொறி, நஷ்டம். இன்னொரு விஷயம் பலர் கவனிக்கறதில்லை: சூடாகற காயில் நடுவுல சுத்திக்கிட்டு இருக்கு, அந்தச் சூடு வெளியே வர வழி குறைவு.

பிரஷ்லெஸ்ல இதைத் தலைகீழாக்கிட்டாங்க. காந்தம் நடுவுல சுத்துது, காயில் வெளிக் கூட்டோட ஒட்டி அசையாம இருக்கு. சூடு நேரா அலுமினியக் கூட்டுக்கு வந்துடும், ஹீட் சிங்க் மாட்டினா இன்னும் நல்லது. திசை மாத்தற வேலையை இஎஸ்சிக்குள்ள இருக்கிற மாஸ்ஃபெட்கள் பார்த்துக்கும். மோட்டாருக்குப் போறது மூணு வயர், அதனாலதான் ரெண்டு வயர் கொடுக்கிற பழைய எக்ஸ்எல்-5 இங்க உதவாது. மோட்டாரும் இஎஸ்சியும் சேர்த்தே வாங்கணும்.

ரோட்டர் இப்ப எந்த இடத்துல இருக்குன்னு இஎஸ்சிக்கு எப்படித் தெரியும்? சென்சார் உள்ள மோட்டார்ல ஹால் சென்சார் சொல்லிடும். சென்சார் இல்லாததுல, அந்த நேரம் கரண்ட் போகாத மூணாவது வயர்ல உருவாகிற பேக் இஎம்எஃப்பைப் பார்த்து ஊகிக்கும். வேகம் இல்லைன்னா பேக் இஎம்எஃப் இல்லை, அதனால வண்டி கிளம்பும்போது கொஞ்சம் திக்கும். இதைத்தான் காகிங்னு சொல்றாங்க. மைதானத்துல வேகமா ஓட்டறதுக்கு சென்சார் இல்லாததே போதும். கல்லு மேல மெதுவா ஏத்தணும்னா சென்சார் உள்ளதை வாங்குங்க.

இப்ப கேவி. ஈஇஇ ஆட்கள் கவனிங்க, இது கிலோவோல்ட் இல்லை! லோடு இல்லாதப்போ ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்ற எண்தான் கேவி. 3500 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தா 25,900 ஆர்பிஎம். கேவி அதிகம்னா பவர் அதிகம்னு நினைச்சுக்கிறாங்க, அது சரியில்லை. ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு டார்க் கிடைக்கும்னா 9.55-ஐ கேவியால் வகுக்கணும். 3500 கேவிக்கு ஆம்பியருக்கு சுமார் 2.7 மில்லி நியூட்டன் மீட்டர். 2400 கேவிக்கு சுமார் 4.

அப்ப கேவி குறைஞ்ச மோட்டார்தான் டார்க் அதிகம்னு இன்னொரு கூட்டம் சொல்லும். அதுவும் பாதி உண்மைதான். ஒரே சைஸ் மோட்டார்ல கேவியைக் குறைக்கணும்னா மெல்லிய கம்பியில அதிக சுற்று சுத்தணும். ரெசிஸ்டன்ஸ் சுற்றோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதே டார்க்குக்கு ஆம்பியர் குறையும், ஆனா ரெசிஸ்டன்ஸ் கூடினதால மோட்டார்ல வர்ற சூடு கிட்டத்தட்ட அதேதான். லாபம் மோட்டாருக்கு வெளியே இருக்கு. 3எஸ் பேட்டரி, அதாவது 11.1 வோல்ட்டோட 2400 கேவி வச்சா 26,640 ஆர்பிஎம். 2எஸ்ல 3500 கேவி கொடுத்ததுக்குச் சமமான வேகம். ஆனா அதே பவருக்கு ஆம்பியர் மூணுல ரெண்டு பங்குதான். வயர், கனெக்டர், இஎஸ்சியில போற நஷ்டம் பாதிக்கும் கீழே வந்துடும், ஏன்னா நஷ்டம் ஆம்பியரோட வர்க்கம். மின் வாரியம் 230, 400 கிலோவோல்ட்ல லைன் இழுக்கறதும் இதே காரணத்துக்குத்தான்.

அடுத்தது கியர், மோட்டார் பிழைக்கிறதா இல்லையான்னு முடிவாகறது இங்கதான். மோட்டார்ல இருக்கிற சின்ன பல்சக்கரம் பினியன், அது சுத்தறது பெரிய ஸ்பர். ஸ்பர் 86 பல், பினியன் 19 பல்னு வச்சுக்கலாம் (உங்க வண்டியில எண்ணிப் பாருங்க). 86-ஐ 19-ஆல் வகுத்தா 4.53. ஸ்லாஷோட கியர்பாக்ஸுக்குள்ள இன்னொரு 2.72 இருக்கு. பெருக்கினா 12.3. அதாவது மோட்டார் 12.3 சுத்து சுத்தினா டயர் ஒரு சுத்து. டயர் விட்டம் சுமார் 110 மி.மீ.னா ஒரு சுத்துக்கு 34.5 செ.மீ. போகும். 2எஸ்ல 3500 கேவிக்குக் கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 43 கி.மீ. அதே கியர்ல 3எஸ் மாட்டினா 65 கி.மீ. இது பேப்பர்ல வர்ற வேகம், தரையில கொஞ்சம் குறைவாத்தான் வரும்.

வேகம் ஒன்றரை மடங்கு ஆனா காற்றைத் தள்ளறதுக்கான பவர் மூணே கால் மடங்குக்கு மேல, ஏன்னா அது வேகத்தோட கனம். ஸ்லாஷோட பாடி வேற ஒரு பாராசூட் மாதிரி, அடியில காற்று புகுந்து அடைச்சுக்கும்.

இதோட நிறுத்தாம, இன்னும் வேகம் வேணும்னு பினியனைப் பெரிசாக்கறவங்க உண்டு. 19 பல்லை 25 ஆக்கினா மோட்டார் மேல விழற லோடு 1.32 மடங்கு. டார்க்குக்கு ஏத்த ஆம்பியர், ஆம்பியரோட வர்க்கத்துக்கு ஏத்த சூடு. 1.32-ஓட வர்க்கம் 1.73. ஆறு பல் கூட்டினதுக்கு முக்கால் பங்கு சூடு கூடுதல்! என் கருத்துல பிரஷ்லெஸ் மாத்தின முதல் நாள் பினியனைக் குறைக்கணும். 17 பல் போட்டாலும் 2எஸ்ல 39 கி.மீ. வருது, காலேஜ் கிரவுண்டுக்கு அது தாராளம்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்குல சேர்க்கணும். மோட்டார் கூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாம பார்த்துக்கறது பாதுகாப்பான பழக்கம். அதுக்கு மேல போகப் போக உள்ளே இருக்கிற நியோடிமியம் காந்தம் நிரந்தரமா பலம் இழக்கற அபாயம் கூடும், அது திரும்பி வராது. ஊட்டியில 20 டிகிரியில ஓட்டினா 60 டிகிரி ஏற இடம் இருக்கு. மே மாச மதியம் 38 டிகிரியில ஓட்டினா மீதி 42 தான். வெளிநாட்டு வீடியோவுல ஒருத்தர் 25 பல் போட்டு ஜாலியா ஓட்டறார்னா, அவர் ஊர் வெயிலையும் பாருங்க. புல் உயரமா இருக்கிற கிரவுண்டும் மணலும் இன்னும் மோசம். வேகம் கம்மி, ஆம்பியர் அதிகம், காற்றும் வராது.

பேட்டரிக்கு வருவோம். 7.4 வோல்ட்ல 60 ஆம்பியர்னா 444 வாட், ஒரு சின்ன மிக்ஸியோட பவர். இது ஆக்சிலரேட் பண்ற நொடிகள்லதான், ஆனாலும் அந்த 60 ஆம்பியர் ஒவ்வொரு ஜாயின்ட் வழியாவும் போகணும். பழைய வெள்ளை டாமியா கனெக்டர்ல வெறும் 5 மில்லி ஓம் இருந்தாலே 18 வாட் சூடு, கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன். எக்ஸ்டி60 மாதிரி கனெக்டருக்கு மாத்துங்க. லேபிள்ல 5000 மில்லி ஆம்பியர் ஹவர், 50சி னு போட்டிருந்தா 250 ஆம்பியர் வரும்னு அர்த்தம், ஆனா 'சி' எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், பாதி வந்தாலே சந்தோஷம்.

லிப்போல ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இஎஸ்சியில பேட்டரி வகை லிப்போன்னு செட் ஆகியிருக்கான்னு மேனுவலைப் பார்த்து உறுதி பண்ணுங்க. நிக்கல் பேட்டரி மோடுல இருந்தா அது கட் பண்ண வேண்டிய இடத்துல கட் பண்ணாது. சார்ஜ் பண்ண பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம், 5000 பேக்குக்கு 5 ஆம்பியர் போதும். ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்குத் தனியா சொல்லணும்: கட்டில் மேல வச்சு சார்ஜ் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போகாதீங்க. லிப்போ தீ ஒரு பக்கெட் தண்ணியில அடங்கற தீ இல்லை, அந்த ரூம்ல உங்க ரூம்மேட்டும் தூங்கறான். வெறும் தரையில வச்சு, பக்கத்துல இருந்து பாருங்க. வீங்கின பேக்கை இன்னொரு ரவுண்டு ஓட்டலாம்னு ஆசைப்படாதீங்க. ஓட்டாம வைக்கறதா இருந்தா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வச்சிடணும்.

மாட்டற வேலையில கவனிக்க வேண்டியது சிலதுதான். வாங்கறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டைப் பாருங்க. 540 சைஸ்ல பெரும்பாலும் 3.17 மி.மீ., நீளமான பெரிய மோட்டார்கள்ல 5 மி.மீ. இருக்கும், பினியன் ஓட்டையும் அதே அளவா இருக்கணும். பினியனோட பிட்ச்சும் ஸ்பரோட பிட்ச்சும் ஒண்ணா இருக்கணும், 32-க்கும் 48-க்கும் ஒத்துப் போகாது. மவுன்டிங் ஸ்க்ரூ நீளமா இருந்தா உள்ளே போய் காயிலைக் குத்தி ஷார்ட் ஆகும், மாட்டறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க. பினியன் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்ட்டோட தட்டையான பக்கத்துல உட்காரணும், நீல திரெட்லாக் ஒரு சொட்டு. ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல ஒரு பேப்பர் துண்டை விட்டு அழுத்தி, ஸ்க்ரூவை டைட் பண்ணி, பேப்பரை உருவிட்டா இடைவெளி சரியா இருக்கும்.

டயர் பின்னாடி சுத்துதுன்னா சென்சார் இல்லாத மோட்டார்ல மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்துங்க. சென்சார் உள்ளதுல அப்படி மாத்தக் கூடாது, ஏ-பி-சி அப்படியே இருக்கணும், திசையை செட்டிங்ல மாத்தணும். ரிமோட்டோட இஎஸ்சியை காலிபரேட் பண்றப்போ வண்டியை ஒரு டப்பா மேல தூக்கி வைங்க, டயர் தரையில படக் கூடாது.

ஸ்லிப்பர் கிளட்ச்சை முழுசா இறுக்கிடறது பொதுவா நடக்கிறது. வழுக்கினா பவர் வீணாகுதேன்னு தோணும். ஆனா ஜம்ப்ல இறங்கும்போது சுத்திக்கிட்டு இருக்கிற டயர் தரையைப் பிடிச்சு சட்டுனு வேகம் குறையும், அந்த அடியை யாராவது வாங்கணும். ஸ்லிப்பர் வாங்கலைன்னா ஸ்பர் பல் வாங்கும், இல்லைன்னா பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கும். மேனுவல் சொல்ற அளவுக்குத் தளர்த்தி வைங்க, ஜம்ப்ல இறங்கற நேரம் த்ராட்டிலை விடுங்க.

முதல் ஓட்டம் 5 நிமிஷம்தான். நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால மோட்டார், இஎஸ்சி, பேட்டரி, கனெக்டர் நாலையும் பாருங்க. கனெக்டர் மட்டும் தனியா சூடா இருந்தா சால்டர் சரியில்லை. மோட்டார் 60 டிகிரியில நின்னா ஒரு பல் கூட்டிப் பார்க்கலாம், 80-ஐத் தொட்டா ஒண்ணு குறைக்கணும். அதனால 16-லிருந்து 20 வரைக்கும் பினியன் நாலஞ்சு வாங்கி வச்சுக்கோங்க, விலை கம்மிதான். அந்த ஆர்டரோடயே ஒரு ஸ்பேர் ஸ்பரும் ஒரு ஜோடி டிரைவ் ஷாஃப்ட்டும் சேர்த்துடுங்க. அது உடையற நாள் எப்படியும் சனிக்கிழமை சாயங்காலமாத்தான் இருக்கும்.