பெல்ட் வாங்கும் முன் புல்லியைப் பாருங்கள்

கரும்பு வெட்டுப் பருவத்தில் பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் பக்கம் போனால், ஆலைக்கொட்டாய்ப் புகையும் வெல்லம் காயும் மணமும் வழியெல்லாம் கூடவே வரும். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு 30 கிலோ சிப்பத்துக்குப் பின்னாலும், மோட்டாரின் பலத்தை ஆலைக்குக் கடத்துகிற ஒரு பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் கொப்பரை ஆறிவிடும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் ஆட்டியாக வேண்டும். தாமதித்தால் சர்க்கரைச் சத்து குறையும், வெல்லம் கெட்டியாகப் பிடிக்காது.

எங்கள் உறவினர் ஆலையில் ஒரு பருவம் நான்கு புது வி பெல்ட் மாட்டினோம். பத்தாவது நாளே ரப்பர் கருகும் நாற்றம். கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, விலை கூடிய பெல்ட்டாக வாங்கி மாட்டினோம். அதுவும் அப்படியே கருகியது. கடைசியில் மோட்டார் புல்லியின் காடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். காடியின் அடி கண்ணாடிபோலப் பளபளத்தது. குற்றம் பெல்ட்டில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

வி பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளாலும் காடிச் சுவரைக் கவ்வித்தான் இழுக்கும். பெல்ட்டின் அடி காடியின் தரையைத் தொடவே கூடாது. சுவர் தேய்ந்தால் பெல்ட் உள்ளே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். பிடிப்பு போய் வழுக்கும், சூடேறும், கருகும். எத்தனை புது பெல்ட் மாட்டினாலும் இதே கதைதான்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

புது பெல்ட் ஒன்றைக் காடியில் வைத்துப் பாருங்கள். அதன் மேல்பக்கம் புல்லி விளிம்போடு சமமாகவோ சற்று மேலாகவோ நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்தாலோ, காடிச் சுவர் நேராக இல்லாமல் கிண்ணம்போலக் குழிந்திருந்தாலோ, புல்லியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேய்மானம் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றுங்கள் என்பது பொதுவான விதி. சிறிய புல்லிதான் முதலில் தேயும். அதனால் மோட்டார் பக்கத்திலிருந்து பார்வையைத் தொடங்குங்கள்.

பட்டை பெல்ட்

பழைய ஆயில் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பெல்ட். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த லிஸ்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 600, 650 சுற்று நிதானமாக ஓடியது. அதே அமைப்பில் ராஜ்கோட்டில் செய்த இஞ்சின்கள் நாடெங்கும் பரவின. இஞ்சினைத் தள்ளி வைத்து நீளமான கேன்வாஸ் பெல்ட் போட்டு ஓட்டுவதற்கு இந்த வகை இஞ்சின் பொருத்தம். பெல்ட்டைக் குறுக்கே மாற்றிப் போட்டால் சுற்றும் திசையும் மாறிவிடும்.

பட்டை பெல்ட்டின் பெரிய நன்மை, ஆலைக்குள் கரும்பு அடைத்துக்கொண்டால் வழுக்கியோ கழன்றோ பல்சக்கரத்தைக் காப்பாற்றிவிடும். குறை, இடம் நிறையப் பிடிக்கும், கரும்புப்பால் தெறித்தால் வழுக்கும், இணைப்புத் தையலை அடிக்கடி பார்க்க வேண்டும். பட்டைப் புல்லியின் நடுப்பகுதி லேசாக மேடிட்டிருக்க வேண்டும். அந்த மேடுதான் பெல்ட்டை நடுவில் நிறுத்துகிறது. தேய்ந்து தட்டையாகிவிட்டால் பெல்ட் ஓரத்துக்கு ஓடிக் கழலும்.

சாதாரண வி பெல்ட்

மோட்டாரும் ஆலையும் அருகருகே இருந்தால் இதுதான் வசதி. மேல் அகலத்தை வைத்து இனம் பிரிப்பார்கள். ஏ இனம் 13 மில்லிமீட்டர், பி 17, சி 22. பெல்ட்டின் மேல் பி 75 என்று இருந்தால், பி இனம், உள்சுற்று 75 இஞ்ச் என்று பொருள்.

ஒவ்வோர் இனத்துக்கும் புல்லி இதற்கு மேல் சிறுக்கக் கூடாது என்று ஓர் அளவு உண்டு. ஏ இனத்துக்கு சுமார் 75 மில்லிமீட்டர், பி இனத்துக்கு 125, சி இனத்துக்கு 200. அதைவிடச் சிறிய புல்லியில் மாட்டினால் பெல்ட் மடங்கி மடங்கி வெடித்துவிடும். பலம் வேண்டும் என்று சிறிய மோட்டார் புல்லியில் சி பெல்ட் போடுவதைவிட, பி பெல்ட்டில் ஒன்றிரண்டு கூட்டிப் போடுவது நல்லது.

பல்வெட்டு வி பெல்ட்

உட்பக்கம் பல்பல்லாக வெட்டியிருப்பதால் எளிதாக வளையும், சூடு குறையும். சாதாரண வி பெல்ட்டைவிட மின்சாரத்தில் சுமார் 2 சதவீதம் மிச்சம். ஒரே சீராக ஓடும் தண்ணீர் பம்புக்கு அருமையான தேர்வு. ஆனால் துணிச் சுற்று இல்லாததால் பிடிப்பு அதிகம், வழுக்கி விட்டுக்கொடுக்காது. தடித்த கரும்புக் கட்டைத் திடீரென்று திணிக்கும் ஆலைக்கு நான் துணி சுற்றிய சாதாரணப் பெல்ட்டையே சொல்வேன்.

ஒடுங்கிய வி பெல்ட்

எஸ்.பி.ஏ., எஸ்.பி.பி. என்று எழுதியிருக்கும். குறைந்த இடத்தில் அதிகப் பலம் இழுக்கும். ஏமாறும் இடமும் இதுதான். எஸ்.பி.பி. பெல்ட்டும் பி பெல்ட்டும் மேலிருந்து பார்த்தால் ஒரே அகலம். ஆனால் பி பெல்ட் 11 மில்லிமீட்டர் உயரம், எஸ்.பி.பி. சுமார் 14. பழைய பி புல்லியில் இதை மாட்டினால் அடி தரையைத் தொட்டுவிடும். புல்லியையும் அதே இனத்தில் மாற்றுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

புல்லி அளவை மாற்றும்போது

மோட்டாரின் சுற்றை அதன் புல்லி அளவால் பெருக்கி, ஆலைப் புல்லி அளவால் வகுத்தால் ஆலையின் சுற்று கிடைக்கும். 1440 சுற்று மோட்டாரில் 6 இஞ்ச் புல்லி, ஆலையில் 28 இஞ்ச் புல்லி என்றால் சுமார் 309 சுற்று. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 8 இஞ்ச் புல்லி போட்டால் 411 ஆகிவிடும். சுமையும் மூன்றில் ஒரு பங்கு ஏறும். 10 எச்.பி. மோட்டார் 13 எச்.பி.க்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். காயில் எரிவதில்தான் அது முடியும். ஆலையைச் செய்தவர் சொன்ன சுற்றை மீற வேண்டாம்.

பெல்ட் எத்தனை வேண்டும் என்று கணக்கிடும்போது மோட்டார் எச்.பி.யை 1.3 அல்லது 1.4 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆலையின் அதிர்ச்சியைத் தாங்க அந்த உபரி வேண்டும்.

மாட்டும் முறை

பெல்ட்டுகளை ஒரே நிறுவனத்தில், ஒரே தொகுதியில், மொத்தமாக வாங்கி மாட்டுங்கள். ஒன்று அறுந்ததென்று ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழசுகள் தொங்க, புதுசு தனியாகச் சுமை சுமந்து சீக்கிரம் சாகும். கம்பியால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளே நூல் அறுந்துவிடும். மோட்டாரை முன்னால் தள்ளி, கையால் மாட்டி, பிறகு இழுத்து இறுக்குங்கள். இரு புல்லியின் முகத்துக்கும் குறுக்கே நூல் பிடித்தால் நான்கு இடத்திலும் தொட வேண்டும். இரு புல்லிக்கும் இடையே 1 மீட்டர் இருந்தால், நடுவில் பி பெல்ட்டை 2 முதல் 3 கிலோ விசையில் அழுத்தும்போது 16 மில்லிமீட்டர் இறங்குவது சரியான இறுக்கம். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் மறுபடி பார்த்து இறுக்குங்கள். வழுக்குகிறதே என்று வி பெல்ட்டில் பசை தடவாதீர்கள்.

எந்த பெல்ட்டாக இருந்தாலும் மேலே கம்பி வலைக்கூண்டு போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டும் சேலை முந்தானையும் அந்த இடத்தில்தான் சிக்கும். கூண்டு போடாமல் மிச்சம் பிடிக்கும் காசு நமக்கு வேண்டாம்.

எங்கள் உறவினர் புது மோட்டார் புல்லி வாங்கி, நான்கு பெல்ட்டையும் சேர்த்து மாற்றினார். அந்தப் பருவம் முழுக்க அவை ஓடின. இன்றும் கொட்டாய்ச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருக்கிறது: பி 136, நான்கு, மோட்டார் 6, ஆலை 28. இரவில் பெல்ட் அறுந்தாலும், அவர் ஊரில் இல்லாவிட்டாலும், யாராவது அதைப் பார்த்துக் கடைக்குப் போய்ச் சரியாக வாங்கி வரலாம். உங்கள் சுவரிலும் எழுதி வையுங்கள்.