நீராவிக் குளியலறை: முதலில் சுவரைப் பாருங்கள்

வீட்டில் நீராவிக் குளியல் வேண்டும் என்று முடிவு செய்தவுடன் பலர் நேரே போய் நிற்பது நீராவி ஜெனரேட்டர் விற்கும் கடையில். கடைசியாகப் போக வேண்டிய இடம் அது. நல்ல கருவியை வாங்கி மாட்டியவர்களின் வீட்டிலும் ஆறு மாதத்தில் பக்கத்து அறைச் சாயம் உப்பி நிற்கிறது. கோளாறு கருவியில் இல்லை, சுவரில்.

உங்களுக்கு வேண்டியது சவுனா அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சவுனா 80, 90 பாகை வறண்ட சூடு. அதற்கு மரப்பலகை அறை வேண்டும். நீராவி அறை 43 முதல் 46 பாகைதான், ஆனால் ஈரப்பதம் நூறு விழுக்காடு. சிக்கலெல்லாம் அந்த நூறில் இருக்கிறது.

இடம் சிறியதாக இருக்கட்டும். 1 மீட்டருக்கு 1.2 மீட்டர், உயரம் 2.2 மீட்டர் என்றால் ஒருவர் உட்காரத் தாராளம். செங்கல் சுவர், போர்சலின் டைல் என்றால் இந்த அளவுக்கு 4.5 கிலோவாட் ஜெனரேட்டர் போதும். மார்பிள் வேண்டாம். அது சூட்டைக் குடிக்கும், கறையும் பிடிக்கும், பெரிய ஜெனரேட்டர் கேட்கும்.

இனி சுவர். நம் கொன்ட்ராக்டர்கள் பாத்ரூமுக்குப் பூசும் வாட்டர்ப்ரூஃபிங் தண்ணீரைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. டைல் இடுக்குச் சிமெண்டு வழியாக ஆவி உள்ளே நுழைந்து, குளிர்ந்த பக்கம் தேடிப் போகும். குளிர்நாடுகளில் அது வெளிச்சுவர். பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ உள்ள தெரஸ் வீட்டில் அது ஏர்கோன் 22 பாகையில் ஓடும் படுக்கையறைச் சுவர். ஆவி அங்கே போய்த் தண்ணீராகும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துச் சுவரை உடைப்பார்கள். குழாயில் ஒன்றும் இருக்காது.

எனவே பழைய டைலை முழுதும் உடைத்தெடுங்கள். 'டைல் மேலேயே டைல் ஒட்டிவிடலாம், செலவு மிச்சம்' என்று கொன்ட்ராக்டர் சொன்னால் ஆளை மாற்றுங்கள். செங்கல் மேல் பூச்சு காய்ந்த பிறகு, ஆவி புகாத சவ்வை ஒட்டவோ பூசவோ வேண்டும். வாங்கும்போது டப்பாவின் விவரத்தாளைக் கேட்டு, ஆவி ஊடுருவும் அளவு 0.5 பெர்முக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணே இல்லாத பொருள் உங்களுக்கு ஆகாது. வழக்கம்போல் 1.8 மீட்டரோடு நிறுத்தாமல் நான்கு சுவரும் மேற்கூரையும் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். மூலைகளுக்கு வலைநாடா, குழாய் வெளிவரும் ஒவ்வொரு துளைக்கும் சீலண்ட். டைல் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் இதை விடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காண்டோவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் என்றே 2015 ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகள் எடுத்துக்கொள்ளும். மேனேஜ்மெண்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

மேற்கூரை சாய்வாக இருக்க வேண்டும். இட்லிப் பானை மூடியில் சேரும் தண்ணீர்போல, தட்டையான கூரையில் சேர்வது தலையில்தான் சொட்டும். உட்காரும் பக்கத்துக்கு எதிரே சரியட்டும். சாதாரண பிளாஸ்டர் சீலிங் இங்கே நிற்காது, சிமெண்டு பலகை போடுங்கள். கதவு கூரைவரை போகும் 10 மில்லிமீட்டர் டெம்பர்ட் கண்ணாடி. விளக்கு 12 வோல்ட், ஈரம் புகாதது.

ஜெனரேட்டரைக் கூரைக்கடியில் ஒளித்து வைக்காதீர்கள். மத்தியான வெயிலில் அங்கே யாரும் ஏறிப் பழுது பார்க்க மாட்டார்கள். பேசின் அலமாரிக்குள் வையுங்கள். நீராவிக் குழாய் செம்பு, மேலே காப்புறை. நடுவில் வால்வும் கூடாது, தண்ணீர் தேங்கும் தொய்வும் கூடாது. ஆவி வரும் வாய் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டரில், கால் படாத பக்கம்.

மின்சாரத்தில் குறுக்குவழி தேடுகிறவர்கள்தான் என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். வாட்டர் ஹீட்டருக்கு ஏற்கெனவே வயர் இருக்கிறதே என்று அதிலேயே கோக்க நினைப்பார்கள். அந்த ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். 4.5 கிலோவாட் ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். தனி வயர், தனி பிரேக்கர், ஹீட்டருக்குப் போடுவதுபோல் 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சுருஹான்ஜாயா தெனாகா சான்றிதழ் உள்ள வயர்மேன். ஒற்றை ஃபேஸ் வீட்டில் மூன்று ஏர்கோனும் இதுவும் ஒன்றாக ஓடுமா என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

குளித்து முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, நம் ஊர்க் காற்றே ஈரம். ஃபேன் நீராவி அறைக்கு வெளியே, பாத்ரூமில் இருக்கட்டும். உள்ளே 10, 15 நிமிடம் போதும். கர்ப்பிணிகளும் இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நுழைய வேண்டாம். வேது பிடிக்க நொச்சியோ யூகலிப்டஸ் எண்ணெயோ வேண்டுமென்றால் ஆவி வாயிலுள்ள கிண்ணத்தில் போடுங்கள். ஜெனரேட்டர் தொட்டிக்குள் போட்டால் ஹீட்டர் கம்பி கெட்டது.

தண்ணீர் கடைசி. நம் வீடுகளில் சமையலறைக் குழாய்தான் நேர் இணைப்பு, பாத்ரூமுக்குக் கூரைத் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டி 2 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் 0.2 பார்தான். பல ஜெனரேட்டர்களின் உள்வால்வு அதற்குத் திறக்காது. கையேட்டைப் பார்த்து, தேவையென்றால் சிறு பம்ப் போடுங்கள். வடிகட்டி கட்டாயம். ஆயர் சிலாங்கூர் தண்ணீர்த் தடை முடிந்து மீண்டும் வரும் முதல் தண்ணீர் பழுப்பாக இருக்கும். அன்று ஜெனரேட்டருக்குப் போகும் வால்வை மூடியே வையுங்கள். சமையலறைக் குழாய் தெளிந்தாலும் உங்கள் தொட்டி தெளிய இன்னும் நேரமாகும், அதன்பிறகு வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.