அமைப்பை மாற்றியதும் எழும்பாத கைத்தொலைபேசி

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியே பெட்டகமாகவும் அலுவலகமாகவும் இருந்து வருகிறது. இடிந்த சுவரின் படம், மண் மூடிய மரக்கறிப் பாத்தியின் படம், காணி உறுதியின் படம், கிராம உத்தியோகத்தரின் இலக்கம், வங்கியின் குறுஞ்செய்தி என்பன எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மஹய்யாவ பகுதியில் உறவினர் வீட்டின் ஓர் அறையில் ஐந்து பேர் ஒரே தொலைபேசியைப் பாவிக்கும்போது, பிள்ளைகளில் ஒருவர் திரைப்படத்தையோ எழுத்தின் அளவையோ மாற்றிப் பார்ப்பது இயல்பே. அதன்பின் தொலைபேசி பெயரைக் காட்டி, அணைந்து, மறுபடியும் பெயரைக் காட்டிக்கொண்டே இருந்தால் என்ன செய்யலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலில் பிள்ளையை ஏசவேண்டாம். ஒரு படத்தை மாற்றியதால் தொலைபேசி கெடுமா என்று கேட்போருக்கு 2020ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்காவில் வாழும் இந்தியர் ஒருவர், பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர், 2019 ஓகஸ்ட் மாதத்தில் மொன்டானா மாநிலத்திலுள்ள சென் மேரி ஏரியைப் படம் பிடித்தார். அழகான படம். 2020இல் அதனைத் தம் திரையில் வைத்துக்கொண்டவர்கள் பலரின் தொலைபேசிகள் எழும்பாமல் போயின. சாம்சுங், கூகுள் ஆகியவற்றின் தொலைபேசிகளும் இதில் அகப்பட்டன. படத்தில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை. அவர் தீங்கு நினைக்கவுமில்லை.

நடந்தது இதுதான். அன்ட்ரொயிட் 10 என்ற மென்பொருள், திரைப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று கணக்கெடுத்து, 0 முதல் 255 வரை இலக்கமிட்ட கட்டங்களில் பதியும். அந்தப் படம் வழக்கத்துக்கு மாறான விரிந்த நிற அளவில் சேமிக்கப்பட்டிருந்தது. அதனால் சில புள்ளிகளின் கணக்கு 255ஐத் தாண்டியது. 255 வரை மட்டுமே வரியிட்ட இடாப்பில் 256ஆவது பெயரை எங்கே எழுதுவது? எழுத வழியின்றித் திரையை நடத்தும் பகுதி விழுந்தது. தொலைபேசி மீண்டும் எழும்பியது, எழும்பியதும் அதே படத்தைத் தேடி வாசித்தது, மறுபடி விழுந்தது. அடுத்த பதிப்பான அன்ட்ரொயிட் 11இல் இக்குறை நீக்கப்பட்டது. நாம் செய்த மாற்றம் தொலைபேசியின் நினைவில் பதிந்திருப்பதால், வெறுமனே அணைத்துப் போடுவதால் அது மாறுவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இனிச் செய்யவேண்டியவை. தொலைபேசி உண்மையில் எழும்பவில்லையா என்று முதலில் பாருங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறதா? அடித்தால் உள்ளே வேலை நடக்கிறது. திரையோ அதன் வெளிச்சமோதான் பிழை. மணி அடிக்காவிட்டால், நல்ல சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். மழையில் நனைந்த தொலைபேசியாயின் சார்ஜ் போடவே கூடாது. அது வேறு பாடம். (அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அரிசி சமைப்பதற்கு.) பின்னர் மின் பொத்தானை அரை நிமிடம் வரை அழுத்திப் பிடியுங்கள். சாம்சுங் தொலைபேசியில் அதனுடன் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தவேண்டும். இதனால் உள்ளே உள்ள எதுவும் அழியாது.

அதற்கும் சரிவராவிட்டால் சேப் மோட் எனப்படும் பாதுகாப்பு முறையில் எழுப்பலாம். நாம் இறக்கிய செயலிகளை ஒதுக்கிவிட்டு, தொலைபேசியுடன் வந்தவற்றை மட்டும் நடத்தும் முறை இது. பெரும்பாலான தொலைபேசிகளில், பெயர் தோன்றியதும் மின் பொத்தானை விட்டுவிட்டு, ஒலி குறைக்கும் பொத்தானை முழுமையாக எழும்பும்வரை பிடித்திருக்கவேண்டும். எழும்பினால் உடனே மாற்றியதைப் பழையபடி மாற்றுங்கள், கடைசியாக இறக்கிய செயலியை நீக்குங்கள். ஆயினும் கெட்டது திரைப்படமாயின் பாதுகாப்பு முறையிலும் அது வாசிக்கப்படலாம். அப்போது இவ்வழி உதவாது.

அடுத்தது ரிக்கவரி என்னும் திரை. மின் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பல தொலைபேசிகளில் இது வரும். புதிய சாம்சுங் தொலைபேசிகளைக் கேபிளால் கணினியுடன் இணைத்தால்தான் வரும். இங்கே நிதானம் தேவை. இரண்டு வரிகள் ஒரே மாதிரித் தொடங்கும். வைப் கேஷ் பார்ட்டிஷன் என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் துடைக்கும், படங்கள் இருக்கும். சில தொலைபேசிகளில் இவ்வரி இல்லை. வைப் டேட்டா, பெக்டரி ரீசெட் என்றிருப்பது அனைத்தையும் அழித்துவிடும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதனைச் செய்யுங்கள்.

நகரத்துத் திருத்தும் கடைகளில் நேரத்தை மிச்சப்படுத்த உடனே ரீசெட் செய்துவிடும் வழக்கம் உண்டு. கொடுக்கும் முன்பே, "அழிக்கவேண்டாம் அண்ணா, நட்டஈட்டுக்குக் கொடுக்கவேண்டிய படங்கள் உள்ளே இருக்கின்றன" என்று தெளிவாகச் சொல்லி, துண்டிலும் எழுதுவியுங்கள். சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டால் அலுவலக அழைப்புகள் தவறாது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும், விவசாயத் திணைக்களத்தின் 1920ஐயும் அழைக்கலாம். நினைவக அட்டையை உள் சேமிப்பாக இணைத்திருந்தால் மட்டும் வேறு தொலைபேசியில் அது திறக்காது.

அழிப்பதே வழி என்று முடிவானால் இன்னொரு பூட்டைப் பற்றியும் அறிந்திருக்கவேண்டும். ரிக்கவரி வழியாக அழித்த அன்ட்ரொயிட் தொலைபேசி, முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். திருடனுக்கு எதிராக 2015இல் வந்த ஏற்பாடு இது. கடைக்காரர் தமது பெயரில் கணக்குத் திறந்து தந்திருந்தால், அல்லது கடவுச்சொல் மறந்துபோயிருந்தால், சொந்தக்காரரும் வெளியே நிற்கவேண்டியதுதான்.

குழுவில் செய்யவேண்டிய வேலை: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியும் தொலைபேசியும் கொண்டுவரட்டும். கூகுள் கணக்கின் பெயர், கடவுச்சொல், முக்கியமான பத்து இலக்கங்கள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, அடையாள அட்டையுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை அடுத்தவருக்குக் காட்டவேண்டாம். சேதப் படங்களை நம்பிக்கையான உறவினர் ஒருவரின் தொலைபேசிக்கும் அனுப்புங்கள். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவேண்டியவற்றைக் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் திகதியையும் இடத்தையும் எழுதுங்கள். நேரம் மிஞ்சினால், பாதுகாப்பு முறையில் எழுப்புவதை நல்ல நிலையிலுள்ள ஒரு தொலைபேசியில் எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.