பழைய லேண்ட் ரோவரின் வயது

கேமரன் மலையில் தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தோட்டச் சாலைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் காய்கறிகளைச் சுமந்து செல்கின்றன. 1948இல் அறிமுகமான இவ்வகை வண்டியின் வயதை எவ்வாறு கண்டறிவது?

முகப்பு விளக்குகள் நடுவிலுள்ள கம்பிவலைப் பகுதியில் இருந்தால், வண்டி பெரும்பாலும் 1960களின் இறுதிக்கு முற்பட்டது. விளக்குகள் இரு ஓரங்களில் இருந்தால், பிற்பட்டது. 1971இல் வந்த மூன்றாம் வரிசை வண்டியில் கம்பிவலைக்குப் பதிலாக நெகிழி முகப்பு பொருத்தப்பட்டது; நடுவிலிருந்த வேகமானியும் ஓட்டுநரின் நேரெதிரே இடம்பெயர்ந்தது.

ஆயினும், பழுதுபார்க்கும்போது அசல் பாகங்களுக்குப் பதிலாக வேறு ஆண்டின் பாகங்களைப் பொருத்துவதுண்டு. ஆகவே, வாங்குவோர் தோற்றத்தை மட்டும் நம்பாமல், அடிச்சட்ட எண்ணையும் பதிவுச் சான்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.