விநாடி யாரும் திருடிய சொல் அல்ல

“சிங்களவங்க நம்ம விநாடியைக் கொண்டுபோய் நிமிடத்துக்குத் தப்பாச் சொல்றாங்க.” பெல்மதுளை பஸ் தரிப்பிடத்திலும் கடைத்தெருவிலும், அதுவும் படித்தவர்கள் வாயிலேயே, இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போதும், நிறுத்துங்கள்.

சிங்களத்தில் ‘விநாடிய’ என்றால் ஒரு நிமிடம். நம் செய்திகளிலும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் விநாடி என்றால் ஒரு செக்கன். அறுபது மடங்கு வித்தியாசம்தான். ஆனால் தப்பு எந்தப் பக்கமும் இல்லை. பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. வகுத்துப் பாருங்கள்: நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 செக்கன் வரும். அது நிமிடமும் இல்லை, செக்கனும் இல்லை. வடமொழியிலிருந்து இரு மொழிக்கும் வந்த சொல் அது. மணிக்கூட்டுக் கணக்கு வந்தபின் சிங்களம் அதை நிமிடத்துக்கு ஏற்றியது. தமிழ் செக்கனுக்கு இறக்கியது. விநாடியை அறுபதாகப் பிரித்தால் வரும் தற்பரையைப் பாருங்கள். தமிழில் அது பஞ்சாங்கத்தோடு நின்றுவிட்டது. சிங்களத்தில் ‘தத்பரய’ என்று செக்கனாக வாழ்கிறது. இதில் யார் யாரிடம் திருடினார்கள்?

அவர்கள் சொல்வது தப்பு என்று முடிவுகட்டியவர் அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஆபத்து அங்கேதான். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிங்களத்தில் அது ‘விநாடி பஹளொவக்’. லயத்தில் கடிபட்ட பிள்ளையின் காலை 15 செக்கன் அலசிவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? நீர்வெறுப்பு நோய் கண்டபின் பிழைப்பது மிக மிக அரிது. கழுவியதும் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும்.

மற்றவை சில்லறைக் குழப்பங்கள். சிங்களத்தில் ‘பெய’ என்றால் நாழிகை என்பார்கள் பெரியவர்கள். ஒருகாலத்தில் உண்மை. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், பகலுக்கு 30, இரவுக்கு 30 என்று பெய எண்ணியதையும், அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம் நீரில் அமிழும் நேரமே ஒரு பெய என்பதையும் எழுதியிருக்கிறார். நம் நாழிகை வட்டிலும் அதே வகைதான். இன்று பெய என்றால் மணித்தியாலம், அவ்வளவுதான். பாடசாலைக் கடிதத்தில் வரும் ‘வாரய’ வாரம் அல்ல, தவணை. வாரத்துக்கு அவர்கள் சொல் ‘சதிய’. ‘மாசய’ மாதமேதான், பயம் வேண்டாம்.

நம் பாடநூல்களில் ‘செக்கன்’ என்று இருப்பதைத் தமிழில்லை என்று வெட்டி ‘விநாடி’ எழுதும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கை வைக்காதீர்கள். இரண்டு மொழியும் ஒரே கடையில் புழங்கும் சப்ரகமுவவில் யாரும் பிழையாக விளங்கிக்கொள்ளாத சொல் அது.

டிஸ்பென்சரியில் நேரம் சொன்னால், நிமிடமா செக்கனா என்று கேளுங்கள். தமிழில், இலக்கத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. கேட்பது உங்கள் உரிமை.