லிங்க்ட்இன்னில் கருத்து எழுதுமுன்

வேலை தேடுபவரும் ஆள் தேடுபவரும் சந்திப்பதற்காக 2003இல் வந்த தளம் லிங்க்ட்இன். இன்று அங்கே வேலையைவிடக் கருத்துதான் அதிகம் கிடைக்கிறது. எழுதுகிறவர்கள் இரண்டு பேரை மறந்துவிடுகிறார்கள். ஒருவர், வேலை போய் அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பவர். இன்னொருவர், எழுதுகிறவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். மேலதிகாரி என்ன எழுதினாலும் அவரால் லைக்தான் போட முடியும், மறுத்து ஒரு வரி எழுத முடியாது. கீழே உள்ளவை இந்த இருவருக்காகவும் எழுதியவை.

செய்யக்கூடாதவை

• அடுத்தவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். 2022 ஆகஸ்டில் பாம்பே ஷேவிங் கம்பெனியின் தலைமை நிர்வாகி சாந்தனு தேஷ்பாண்டே, புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் நான்கைந்து வருடமாவது தினமும் 18 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எழுதினார். மிச்சம் இருப்பது ஆறு மணி நேரம். தூக்கம், குளியல், சாப்பாடு, ரயிலிலோ பஸ்ஸிலோ நசுங்கிப் போய்வருவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கடும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னிப்புக் கேட்டார், லிங்க்ட்இன்னை விட்டே விலகுவதாகவும் அறிவித்தார். கம்பெனி வளர்ந்தால் முதலாளியின் சொத்து வளரும். மாதச் சம்பளக்காரருக்கு அதே சம்பளம்தான். இருவருக்கும் ஒரே கணக்குப் போடுவது நியாயமே இல்லை.

• ஆட்களை நீக்கிய கையோடு உங்கள் வருத்தத்தை எழுதாதீர்கள். அதே 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு நிறுவனத் தலைவர், ஊழியர்களை நீக்கிவிட்டு, தான் அழும் முகத்தைப் படமெடுத்துப் போட்டார். உலகம் முழுக்க அவரைப் பற்றியே பேசினார்கள். வேலை போனவர்களுக்கு அதனால் என்ன பயன்? வேலை போனவருக்கு என்னென்ன வேலை தெரியும் என்று, அவர் சம்மதத்தோடு, நாலு வரி எழுதுங்கள். அது போதும்.

• இன்டர்வியூவுக்கு வந்தவரைக் கதையாக்காதீர்கள். பெயர் போடாவிட்டாலும், தன்னைப் பற்றித்தான் என்று படித்தவுடன் அவருக்குத் தெரியும்.

• நடக்காததை நடந்ததாக எழுத வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை நிர்வாகத் தத்துவம் பேசியதாக எழுதினால் யாரும் நம்புவதில்லை. பிறகு நீங்கள் உண்மையாகச் செய்த வேலையைச் சொல்லும்போதும் நம்ப மாட்டார்கள்.

• பதிவை ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று முடிக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

• கையில் பட்ட வேலையை எழுதுங்கள். ஃபவுண்டரியில் இருக்கிறீர்களா? மழைக்காலத்தில் மணலில் ஈரம் ஏறி, காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் எனும் வாயுக் குழி விழுந்ததையும், எந்த ஷிஃப்டில் அதைக் கண்டுபிடித்தீர்கள், மணலை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் பழுதான காஸ்டிங்கின் படத்தையும் போடுங்கள். வெளியே சொல்லலாமா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்வது அவசியம். இன்னொரு ஊர் ஃபவுண்டரியில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்த ஒரு பதிவு ஒரு லோடு காஸ்டிங்கைக் காப்பாற்றிக் கொடுக்கலாம்.

• ஒரு பொருளைப் பாராட்டும்போது, அதைத் தயாரிக்கும் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இருந்தாலோ அதனிடமிருந்து பணம் வந்திருந்தாலோ முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘மேலும் படிக்க’ என்பதைத் தட்டினால்தான் தெரியும் என்றால் சொன்னதாகாது.

• வேலைக்கு ஆள் கேட்டால் சம்பளம் எவ்வளவு என்று போடுங்கள்.

• வேலை தேடுகிறேன் என்று சுயவிவரப் படத்தைச் சுற்றிக் காட்டும், 2020இல் வந்த ‘ஓப்பன் டு ஒர்க்’ பச்சை வளையத்தைப் பற்றிச் சிலர் எழுதுவது வேதனையாக இருக்கிறது. அதைப் போட்டால் கையேந்துவதுபோல் தெரியுமாம், மதிப்புக் குறையுமாம். இந்த மாத வாடகையை யோசித்துக்கொண்டிருப்பவர் படிக்கும் இடத்தில் அப்படி எழுதாதீர்கள். அந்த வளையம் போட்டவர் செய்தி அனுப்பினால் பதில் போடுங்கள். வேலை இல்லையென்றால் ‘இப்போது இடமில்லை’ என்றாவது சொல்லுங்கள். அவர் அடுத்த கம்பெனியைப் பார்த்துக்கொள்வார்.