பூட்டிய பள்ளிக்கூடத்தைத் திறப்பது எப்படி?



கொரோனா காலம் முடிந்துவிட்டது என்று அதன் பாடத்தையும் மறந்துவிடக் கூடாது. நாளைக்கு வேறொரு தொற்றுநோய் வந்தால் பிள்ளைகளின் படிப்பை என்ன செய்வது? இந்த இதழில் அதைப் பற்றிப் படிப்போம்.

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு போட்ட நேரத்திலும் தோட்டத்தில் வேலை நடந்தது. தாய்மார் மலைக்குப் போனார்கள், பிள்ளைகள் லயத்திலே இருந்தார்கள். தொலைபேசியில் பாடம் என்றார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை நாமே பார்த்தோம்.

மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு வந்தபோது பெரட்டுக் களத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. "பள்ளிக்கூடத்த தெறந்தா நோய் நேரா லயத்துக்கு வந்துரும். ஒரே காம்பராவுல கெழவன் கெழவியோட எப்படி இருக்கிறது?" என்றார் ஒரு தகப்பன். "பூட்டி வச்சா மட்டும் புள்ளைக வீட்டுக்குள்ளயா இருக்குதுக? பீலிக்கரையில ஒண்ணாத்தானே ஆடுதுக! படிப்புதான் போகுது" என்றார் ஒரு தாய். இருவரும் சொன்னது உண்மை. திறப்பதா பூட்டுவதா என்று மட்டும் கேட்டால் இந்தச் சண்டை தீராது. எப்படித் திறப்பது என்று கேட்க வேண்டும்.

நாடு செய்தது என்ன?

2020 ஜூலை 6ஆம் திகதி தரம் 5, 11, 13 பிள்ளைகளுக்கு முதலில் திறந்தார்கள். பரீட்சை எழுதும் வகுப்புகளுக்கு முதலிடம். நோய் பரவியதால் ஒரே வாரத்தில் மறுபடி மூட வேண்டி வந்தது. டென்மார்க் நாட்டில் வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே 2020 ஏப்ரல் 15ஆம் திகதி முதலில் சின்னப் பிள்ளைகளுக்கே திறந்து, சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்த பாடங்களை வெளியில் நடத்தினார்கள்.

நம் நாட்டில் 2021இல் ஒரு ஒழுங்கு வந்தது. வகுப்பில் 15 பிள்ளைகள் வரை இருந்தால் எல்லாரும் வரலாம். 30 வரை என்றால் இரண்டு குழு, அதற்கு மேல் என்றால் மூன்று குழு, முறை வைத்து வர வேண்டும். 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளை முதலில் திறந்தார்கள். கவனியுங்கள், நமது தோட்டப் பாடசாலைகளில் பல இந்த வகைதான். சின்னப் பள்ளிக்கூடம் என்று நாம் குறைபட்டுக்கொள்வோமே, நோய்க் காலத்தில் அதுவே நமக்குப் பலமானது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

1. காற்று: இந்த நோய் மூச்சுக் காற்றில் பரவுவது. பூட்டிய அறையில் வேகமாகப் பரவும். பனி அடிக்கிறது என்று ஜன்னலை மூடாதீர்கள். பிள்ளைக்கு ஸ்வெட்டரைப் போட்டு அனுப்புங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

2. தண்ணீர்: பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, மலசலகூடம் சுத்தமா என்று திறப்பதற்கு முன்பே பெற்றோர் போய்ப் பார்க்க வேண்டும். சிரமதானம் செய்ய ஒரு ஞாயிறு போதும்.

3. பெரியவர்கள்: பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகவே வந்து போனது. ஆபத்து வீட்டிலுள்ள வயதானவர்களுக்கும் நீரிழிவு, நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கும்தான். தடுப்பூசி வந்தால் தாத்தா பாட்டியை முதலில் கூட்டிப்போங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அதுதான் துணை.

4. காய்ச்சலை மறைக்காதீர்கள்: இதுதான் கடினமானது. காய்ச்சல் என்று சொன்னால் வீட்டோடு தனிமைப்படுத்துவார்கள், பதினாலு நாள் பேர் போகும் என்று பயந்து, பிள்ளைக்கு பனடோலைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் உண்டு. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! அதனால் உண்மையைச் சொன்ன குடும்பம் பட்டினி கிடக்காமல் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு, அக்கம்பக்கத்து லயத்தின் பொறுப்பு, நலன்புரி உத்தியோகத்தர்களான எங்கள் பொறுப்பும் கூட. வாசலில் ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் வைத்தால், அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைக்க மாட்டார்.

5. வராத பிள்ளை: கதவு திறந்த அன்று எல்லாரும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கொழும்புக்குப் போயிருப்பார்கள். இடாப்பைக் கையில் எடுத்து லயம் லயமாகப் போய், வராத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பிள்ளையும் வந்து உட்கார்ந்தால்தான் பள்ளிக்கூடம் முழுதாகத் திறந்ததாக அர்த்தம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்:

- எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை ஜன்னல் திறக்கும்? எத்தனை குழாயில் தண்ணீர் வரும்?
- பக்கத்துக் காம்பராவில் நோய் வந்தால் நாங்கள் என்ன கொடுத்து உதவுவோம்?
- 2020க்குப் பிறகு படிப்பை விட்ட பிள்ளை எங்கள் லயத்தில் யாராவது உண்டா? அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன வழி?

கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று பதில் வந்தால், அடுத்த நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எங்களிடம் வந்து சொல்லுங்கள்.